மூணு மணி ஜாக்கெட் குரூப்

முதன்முதலாக வலி பங்கானது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றேகால் மணிக்கு. போடிநாயக்கனூர் குருவம்மாள் ஒரு பட்டு ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தபோது, மெஷின் ஊசி அவளுடைய ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்து, துணியோடு சேர்த்து விரலையும் தைத்துவிட்டது. பதினோரு ஊர்களில் பதினோரு மெஷின்களுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்த பதினோரு பெண்களும் ஒரே நேரத்தில் விரலை உதறினார்கள். எல்லோருக்கும் கட்டெறும்பு கடித்த அளவு. குருவம்மாளுக்கும் கட்டெறும்பு கடித்த அளவுதான். ரத்தம் வழிகிற விரலைப் போனுக்கு முன்னால் நீட்டி, வலிக்கவே மாட்டேன் என்கிறதே என்றாள். கோவில்பட்டி செண்பகவல்லி மட்டும் செப்டிக் ஊசி போட்டாயா, போட்டாயா என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் விட்ட இடத்திலிருந்து காஜா எடுத்தார்கள்.

அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. கரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி தினமும் மூன்று மணிக்கு லைவில் வந்து ஜாக்கெட் வெட்டச் சொல்லிக்கொடுத்தாள். அதற்குக் கீழே, கழுத்து ஏன் இழுக்கிறது, அக்குள் ஏன் சுருங்குகிறது என்று எழுதிக் கேட்டவர்கள், பிறகு ஒருத்தி கேள்விக்கு இன்னொருத்தி பதில் எழுதியவர்கள், பிறகு மாமியாரைப் பற்றியும் மாதவிலக்கு நின்றதைப் பற்றியும் எழுதியவர்கள், எல்லோரும் சேர்ந்து ஒரு குரூப் ஆனார்கள். கரூர்ப் பெண் கல்யாணமாகி லைவை நிறுத்தியபோது, அதிகமாகக் கேள்வி கேட்டவள் என்று செண்பகத்தை அட்மின் ஆக்கிவிட்டுப் போனாள். செண்பகத்துக்கு அதிலிருந்து ஒரே கவலை. யாராவது ஒருநாள் பேசாமலிருந்தால் கவலை, அதிகம் பேசினால் கவலை, மூன்று மணி அடித்தும் போன் திரையில் யாருடைய சதுரமாவது இருட்டாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டு, என்னம்மா, உடம்புக்கு என்ன என்று கேட்காமல் அவளால் ஊசியில் நூல் கோக்க முடியாது.

குரூப்பில் பெயர் இருந்தால் போதும், வலி பங்காகிவிடும் என்பது சீக்கிரம் தெரிந்துவிட்டது. நெய்வேலி அமுதாவின் கடவாய்ப்பல், சங்ககிரி ராஜாமணியின் குதிகால், ஆம்பூர் பர்வீனுக்குச் சோறு வடிக்கும்போது கையில் ஊற்றிக்கொண்ட கஞ்சி, எல்லாம் வந்து வந்து போயின. ஒரு வழக்கமும் வந்தது. எங்காவது சுருக்கென்றால் உடனே குரூப்பைத் திறந்து "யாருது?" என்று கேட்பார்கள். உரியவள் "என்னுது" என்பாள். எங்கே, எப்படி என்று சொல்வாள். எண்ணெய் தேய்க்கச் சொல்வார்கள், டாக்டரிடம் போகச் சொல்வார்கள், வைவார்கள். அதோடு முடிந்தது.

குருவம்மாளின் சின்ன நாத்தனாருக்குப் பிரசவ வலி எடுத்தபோது அவளையும் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். அதற்குள் முப்பத்தொன்பது பேர் ஆகியிருந்தார்கள். முப்பத்தொன்பது பெண்களும் காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை, பெடலிலிருந்து காலை எடுப்பதும் வைப்பதுமாக, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு ஜாக்கெட் தைத்தார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பிள்ளை பெற்றாள். அரூர் மங்கையர்க்கரசியை அவள் புருஷன் அறைகிற நாட்களில் தமிழ்நாடு முழுக்க அத்தனை இடது கன்னங்களும் லேசாகச் சுட்டன. உடனே அத்தனை பேரும் ஒருத்தி மாற்றி ஒருத்தி அவனுக்குப் போன் போட்டு, என்னை எதற்குடா அடித்தாய் என்று கேட்டார்கள். அவன் நம்பரை மாற்றிப் பார்த்தான். பிறகு கையை மாற்றிப் பார்த்தான். பிறகு நிறுத்திக்கொண்டான்.

வீட்டு ஆண்களுக்கு இது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. பொம்பளைகள் கூடினால் இப்படித்தான் எதையாவது ஒட்டவைத்துக்கொள்வார்கள் என்றார் செண்பகத்தின் புருஷன் பரமசிவம். லாரி எடை போடுகிற மேடையில் வேலை பார்க்கிறவர்.

வேதாரண்யம் நாகரத்தினம் குளித்துவிட்டு வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தது கார்த்திகை மாதம். அப்போது குரூப்பில் ஐம்பத்துநான்கு பேர். வலி ஒன்றும் பெரிதாக வரவில்லை. ஆனால் சாவும் பங்காகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருத்திக்கு ஒரு பல் அப்படியே கழன்று சோற்றில் விழுந்தது. ஒருத்திக்கு நாக்கின் வலது பாதியில் உப்பு தெரியாமல் போயிற்று. பர்வீனுக்குத் தன் கல்யாண நாள் நினைவிலிருந்து போய்விட்டது. செண்பகத்துக்கு அரக்கு நிறம் போய்விட்டது. அரக்குத் துணிக்கு நூல் எடுக்க வேண்டுமென்றால் அன்றிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டியிருந்தது. யாரும் பெரிதாக அழவில்லை. நாகரத்தினம் கொண்டுபோய்விட்டாள் என்றார்கள். போகிறவள் வெறுங்கையோடா போவாள், ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டோம் என்றார்கள். ஆனாலும் ஒவ்வொருத்தியும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள். ஐம்பத்துநான்கு பேர் இருந்ததால் ஒரு பல்லோடு போயிற்று. பத்துப் பேர் இருந்திருந்தால் எதோடு போயிருக்கும்?

அடுத்த மாசி மாதத்தில் ஒரு வலி வந்தது. வயிற்றில், தொப்புளுக்கு மேலே, உள்ளே யாரோ துணி பிழிவதைப்போல. யாருது, யாருது என்று ஐம்பது பேர் கேட்டார்கள். யாரும் என்னுது என்று சொல்லவில்லை. ஐந்து நாள் அந்த வலி சொந்தக்காரி இல்லாமல் குரூப்புக்குள் அலைந்தது. ஆறாம் நாள், செண்பகம் தூங்காமல் ஒவ்வொருத்தியையாகத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்ததில், உவரி மரியபுஷ்பம் அழுதுவிட்டாள்.

"என்னுதுதான்க்கா. எப்படிச் சொல்ல? இவ்வளவு பெருசா வச்சிக்கிட்டு."

மரியபுஷ்பம் கடற்கரைக்காரி. முப்பத்தெட்டு வயது. புருஷன் பஹ்ரைனில் படகுக்குப் போயிருந்தான், பிள்ளை கிடையாது. ஊக்கு வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை, அவள் வைத்த ஊக்கு துணி கிழிந்தாலும் வராது. செண்பகத்துக்கு அவள் அதற்கும் மேலே. பரமசிவத்துக்கு நெஞ்சு அடைத்துப் பெரியாஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளும், வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த செண்பகத்தோடு போனைத் துண்டிக்காமல் இருந்தவள் அவள்தான். பேசக்கூட இல்லை. அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம், பாத்திரம் கழுவுகிற சத்தம், ஜெபம் சொல்கிற சத்தம், அலை சத்தம். செண்பகம் அதைக் காதில் வைத்துக்கொண்டே இரண்டு நாளைத் தாண்டினாள். கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர் பஸ் ஏறி வரவில்லை.

வயிற்றில் இருப்பது என்ன என்று டாக்டர்கள் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வேண்டியதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மரியபுஷ்பம் அதைக் குரூப்பில் சொன்ன அன்று எல்லோரும் அழுதார்கள். நாங்கள் இருக்கிறோம், ஐம்பத்துமூன்று பேர் இருக்கிறோம், உனக்கு வலி என்பதே தெரியாமல் அனுப்பிவைப்போம் என்று சொன்னார்கள். சொன்னதை மனதாரத்தான் சொன்னார்கள்.

முதல் மாதம் அப்படியே நடந்தது. காலையில் பதினொன்றுக்கும் சாயங்காலம் நாலுக்கும் வலி வரும். அந்த நேரத்துக்குச் சோறு வடிக்காமல், பிள்ளையைத் தூக்காமல், கத்தரியைத் தொடாமல் பழகிக்கொண்டார்கள். இரண்டாவது மாதம் அது நேரம் பார்க்கவில்லை. வலி வளர வளர, அமுதாவுக்குப் போன் ரிப்பேர் ஆயிற்று. ராஜாமணியின் மகன் பரீட்சைக்குப் படிப்பதால் வீட்டில் நெட் எடுத்துவிட்டார்களாம். ஒருத்தி சொல்லாமல் போனாள், ஒருத்தி கும்பிடுகிற கையைப் போட்டுவிட்டுப் போனாள். ஒவ்வொருத்தி போகும்போதும் மிச்சமிருந்தவர்களுக்குப் பங்கு கூடியது. பங்கு கூடக் கூட இன்னும் இரண்டு பேர் போனார்கள். வலியை மட்டுமா பார்த்தார்கள்? வரப்போகிற சாவையும் பார்த்தார்கள். ஐம்பத்துமூன்று இருபத்தாறு ஆயிற்று. மரியபுஷ்பம் ஒவ்வொரு முறையும், கோவிச்சுக்கிடாதிய, இன்னிக்குக் கொஞ்சம் சாஸ்தியாப் போச்சு என்று எழுதுவாள், விருந்துக்குப் போன வீட்டில் பிள்ளை தண்ணீரைக் கொட்டிவிட்டதற்கு வருத்தப்படுவதைப்போல.

செண்பகம் அப்போதுதான் அதைச் செய்தாள். அட்மின் கையில் இருக்கிற வேலைதான், யாரையும் கேட்க வேண்டியதில்லை. நம்பர் இருந்தால் சேர்த்துவிடலாம். அளவு ஜாக்கெட் கொடுத்துவிட்டுப் போனவர்கள், கல்யாண வீட்டில் நம்பர் வாங்கியவர்கள், பழைய வீட்டுக்காரம்மா என்று பதினைந்து பேரை ஒன்றும் சொல்லாமல் சேர்த்தாள். குரூப் பெயரைப் பார்த்தவர்கள் தையல் டிசைன் வரும் என்று இருந்துவிட்டார்கள். வலி உடனே இறங்கியது. புஷ்பம் அன்றைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டாள். செண்பகம் சாமி படத்துக்கு முன்னால் நின்று, நான் செய்தது தப்பென்றால் எனக்கு மட்டும் கொடு என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டால் போதுமா? பதினைந்து பேருக்கும் யாருது என்று கேட்கிற வழக்கம் தெரியாது. வாயு என்று நினைத்து ஓமம் குடித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், பயந்து பயந்து படுத்தார்கள்.

அந்தப் பதினைந்தில் ஒருத்தி பரமசிவத்தின் அக்கா மகள் வினோதா. எட்டயபுரம் ரோட்டில் ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தவளுக்கு, ஒரு டிப்பர் லாரியைத் தாண்டுகிற நேரத்தில் வயிற்றில் வலி வந்தது. ஹேண்டிலை விட்டுவிட்டாள். லாரிக்காரன் ஒடித்துத் திருப்பியதால் உயிர் இருந்தது. மணிக்கட்டு இரண்டாக உடைந்தது. கட்டுப் போட்ட கையோடு வந்து வாசலில் நின்றாள். குரூப்பில் வந்ததையெல்லாம் படித்ததில் விஷயம் அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்னைக் கேட்டீங்களா அத்தை? ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

செண்பகம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்காரம்மா என்றாள். வினோதா உட்காரவில்லை. வாசலிலேயே நின்று ஒற்றைக் கையால் போனை எடுத்து, செண்பகம் பார்க்கிற மாதிரி, குரூப்பை விட்டு வெளியேறினாள். விஷயம் பரவி, மற்ற பதினான்கு பேரும் அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்கள். பழையவர்களிலும் இரண்டு பேர் போனார்கள். இருபத்துநான்கு.

மறுநாள் மூன்று மணிக்குக் கூடியபோது யாரும் மெஷினைத் திறக்கவில்லை. மரியபுஷ்பம் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள், அவளுடைய சதுரம் இருட்டாக இருந்தது. முதலில் எல்லோரும் சுற்றி வளைத்தார்கள். என் சின்னவளுக்கு இன்னும் பால் மறக்கவில்லை என்றாள் ஒருத்தி. எனக்குக் கண் போய்விட்டால் யார் தைப்பார்கள், யார் அடுப்பு மூட்டுவார்கள் என்றாள் மங்கையர்க்கரசி. அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. தாராபுரம் பாப்பாத்திதான் போட்டு உடைத்தாள். அறுபத்திரண்டு வயது. குரூப்பிலேயே மூத்தவள், எழுதப் பிடிக்காது, எல்லாவற்றுக்கும் வாய்ஸ்தான் அனுப்புவாள், ஒவ்வொரு வாய்ஸும் ஒரு செருமலோடு தொடங்கும்.

"ஏங் கண்ணு, ஆளாளுக்கு நழுவுனா எப்புடி? போறதுன்னா அவொ ஒருத்திதான் போவோணும். அட்மினு நீதான், எடுத்து வுட்டுரு. பாவந்தான், எனக்குத் தெரியாதா? பாவம் பாத்தா இருவத்துநாலு பாடை கட்டோணும்."

குருவம்மாள், ஊசி குத்தியதில் கறுத்துப்போன நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்கிறவர்கள் கட்டைவிரல் போடுங்கள் என்று யாரோ எழுதினார்கள். பத்தொன்பது கட்டைவிரல் விழுந்தது. செண்பகம் புஷ்பத்தின் பெயரை அழுத்திப் பிடித்தாள். நீக்கவா என்று போன் ஒரு தடவை கேட்டது. அந்த ஒரு தடவை கேட்டதுதான் அவளுக்குப் பிறகு தாங்கவில்லை. அடுப்பில் பால் பொங்குவதைப்போல ஏதோ அவசரமாக, ஆமாம் என்பதைத் தொட்டுவிட்டாள்.

வலி நின்றது. விளக்கை அணைத்ததுபோல நின்றது. இருபத்துமூன்று பேரும் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அன்று செண்பகம் அயிரை மீன் குழம்பு வைத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள். மறுநாள் மூன்று மணிக்குப் பஃப் கை பற்றிப் பேசினார்கள். அதற்கு மறுநாள் போட் நெக். புஷ்பத்தின் பெயரை யாரும் எடுக்கவில்லை. அமுதாவின் போன் ரிப்பேர் சரியாகி, அவள் திரும்பி வந்தாள். இன்னும் நாலைந்து பேரும் வரப் பார்க்கிறார்களாம். செண்பகம் எல்லோரையும் சேர்த்துக்கொண்டாள். ஊக்கு வைக்க வேண்டிய ஜாக்கெட்டை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தாள், அதுவும் பழகிவிடும் என்று நினைத்தாள்.

ஐந்தாம் நாள் காலையில், அவள் வெந்தயம் ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது, தனியாக ஒரு வாய்ஸ் வந்தது. பெயரைப் பார்த்துவிட்டு அடுப்பைச் சின்னதாக்கினாள். பிறகு அணைத்தாள். முதலில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு வார்த்தை, நடுநடுவே நின்று நின்று.

"அக்கா... குரூப்பைக் காங்கல. மருந்து மயக்கத்துல கை பட்டு நானே வெளிய வந்துட்டேன் போலுக்கு. நாலு நாளாத் தேடுதேன். ஒங்களை எழுப்ப வேண்டாம்னு இருந்தேன்... முடியலக்கா. தனியா முடியல. கொஞ்சம் சேத்து வுடுதியளா?"

செண்பகம் அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள். புஷ்பம் தானே வெளியே வந்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். நாலு நாள் முழு வலியையும் ஒற்றை உடம்பில் வைத்துக்கொண்டு, தன் கைதான் தவறியது என்று நினைத்திருக்கிறாள். செண்பகம் உண்மையைச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்வது தன் பாரத்தை இறக்குவதற்குத்தான் ஆகும் என்று அவளுக்குப் பட்டது. "ஆமாம்மா, நானும் கவனிக்கலை" என்று எழுதினாள். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு எழுதினாள். நான் புஷ்பத்தைத் திரும்பச் சேர்க்கப்போகிறேன், இந்தத் தடவை சொல்லிவிட்டுச் செய்கிறேன், பன்னிரண்டு மணி வரைக்கும் பார்ப்பேன், போகிறவர்கள் போய்க்கொள்ளுங்கள், யார்மேலும் எனக்கு வருத்தமில்லை.

பன்னிரண்டு மணி வரை யாரும் போகவில்லை. அவள் நெஞ்சு கொஞ்சம் இளகியது. பன்னிரண்டுக்குச் சேர்த்தாள். வலி வந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான், இருட்டில் ஒருவர் கையை ஒருவர் விடுவதைப்போல, வெளியேறினார், வெளியேறினார் என்று ஒவ்வொரு வரியாக விழ ஆரம்பித்தது. பர்வீன் வெளியேறினார். மங்கையர்க்கரசி வெளியேறினார். அமுதா வெளியேறினார். ஒவ்வொரு வரிக்கும் வயிற்றுக்குள் ஒரு முறுக்குக் கூடியது. குருவம்மாள் வெளியேறினார் என்ற வரி வந்தபோது செண்பகம் தரையில் ஒருக்களித்துப் படுத்துவிட்டாள். பிறகு வரி வரவில்லை. மூன்று பெயர் மிச்சம். மூன்றாவது பாப்பாத்தி.

செருமலோடு ஒரு வாய்ஸ் வந்தது. எதை அமுக்கி வெளியே போவது என்று தனக்குத் தெரியவில்லை, பேத்தி காலேஜிலிருந்து வந்தால்தான் உண்டு என்றாள் பாப்பாத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு. போன ஆடியில் சொந்தக்காரர்கள் குரூப்பிலிருந்து கோபித்துக்கொண்டு இரண்டு தடவை வெளியேறியவள் அவள் என்பது செண்பகத்துக்குத் தெரியும்.

"பேத்தி எப்பக்கா வருவா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவொ வருவா, வருவா. நீ படு."

மூன்றில் ஒரு பங்கு வலி என்பது என்ன என்று செண்பகம் அந்த வாரம் தெரிந்துகொண்டாள். பரமசிவம் போனைப் பிடுங்கப் பார்த்தார். அதைத் தொட்டால் அரளிவிதையை அரைத்துக் குடிப்பேன் என்றாள், சத்தம் போடாமல். அவர் அதற்குப் பிறகு வேலைக்குப் போகுமுன் அவள் தலைமாட்டில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். நடுவில் கொஞ்சம் வலி தணிகிற போதெல்லாம் மூன்று பேரும் பேசினார்கள். பாப்பாத்தி தன் மருமகளை வைதாள். புஷ்பம் ஒருமுறை சிரித்தாள். சிரிப்பு பங்காகவில்லை, அது அவளுக்கே முழுதாக இருந்தது.

வியாழக்கிழமை செண்பகம் எழுந்து, வீட்டில் இருந்த வாடிக்கையாளர்களின் துணிகளை எல்லாம் எடுத்துப்போட்டாள். எது போகும், எது மிஞ்சும் என்று யாருக்குத் தெரியும்? முகம் மறந்துபோனால்? அரக்கு போனதுபோல எல்லா நிறமும் போனால்? ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி, எந்த நிறம், எந்தத் தெரு, கழுத்து எவ்வளவு இறக்கம் என்றும் எழுதிக் குண்டூசி குத்தினாள். பதினேழு ஜாக்கெட். அலமாரியில் ஒரு காகிதம் ஒட்டினாள், அரிசிப் பானை மூடியில் ஒன்று, கேஸ் சிலிண்டர்மேல் ஒன்று. கடைசியில் ஒரு காகிதத்தில் பரமசிவம் என்று எழுதி, எங்கே குத்துவதென்று தெரியாமல் அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

மரியபுஷ்பம் வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்குச் செத்தாள். செண்பகம் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வலி ஒரு நொடியில் ஓய்ந்தது. அந்த ஓய்விலேயே தெரிந்துவிட்டது. கடலோரத்தில் நிற்கும்போது திரும்பிப் போகிற அலை காலடி மண்ணை உருவுமே, அப்படி உள்ளேயிருந்து என்னவோ உருவிக்கொண்டு போயிற்று. கொடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். தெருவில் தண்ணீர் லாரி நின்றது, பெண்கள் வாயை வாயை அசைத்தார்கள், இடது பக்கத்துச் சத்தம் ஒன்றும் வரவில்லை. இடது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன கைபோலக் கிடந்தது. வலது கையால் ஜாக்கெட் ஒன்றை எடுத்தாள். குண்டூசி குத்திய காகிதத்தைப் பார்த்தாள். அதில் கோடுகள் இருந்தன. சுழிகள் இருந்தன. இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள், சிலிண்டரைப் பார்த்தாள். எழுத்து போய்விட்டது. அவள் எழுதியதெல்லாம் இருந்தது, அதைப் படிக்கிறது மட்டும் போய்விட்டது.

போன் துடித்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடுகளும் சுழிகளும்தான் இருந்தன. தொட்டாள்.

செருமல் வந்தது.

"கண்ணு... நான் ஆரு? எம் பேரு வர மாட்டீங்குது. இங்க வூட்டுல ஒரு புள்ள நிக்கிது, அதையும் தெரியில. உங் கொரலு மட்டுந்தான் நெனப்புல இருக்குது. நான் ஆருன்னு கொஞ்சஞ் சொல்லு சாமி."

செண்பகம் போனை வலது காதுப் பக்கம் நகர்த்தி வைத்தாள். பேசுகிற பொத்தான் எது என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. தாராபுரம் பாப்பாத்தி அக்கா என்று சொன்னாள். அறுபத்திரண்டு வயது, ஜாக்கெட் தைக்கிறாய், பேத்தி காலேஜில் படிக்கிறாள், உனக்கு வாய்த்துடுக்கு ஜாஸ்தி என்று சொன்னாள். அந்தப் பக்கம் அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டது. பிறகு மறந்துவிட்டு மறுபடி கேட்டது. செண்பகம் மறுபடி சொன்னாள். பரமசிவம் சாப்பிட வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிற வரைக்கும், பதினொரு தடவையோ பன்னிரண்டு தடவையோ சொல்லியிருந்தாள்.